பழைய மொறிஸ் மைனரின் பெற்றோல் மீற்றர் வயரையும் பிரேக் குழாய்களையும் நானே மாற்றலாமா?

உங்களுடையது 1959ஆம் ஆண்டுக் கார், மீற்றர் முள் எப்போதும் பெற்றோல் தாங்கி நிறைந்திருப்பதாகவே காட்டுகிறது, பிரேக் குழாய்கள் துருப்பிடித்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டையும் நீங்களே செய்யலாம். ஆனால் பிரேக்கை முடித்த பிறகுதான் மீற்றரைத் தொடவேண்டும். அதுவரை காரைத் தெருவில் இறக்காதீர்கள்.

இந்தக் காரில் நான்கு சில்லுகளுக்கும் ஒரே ஒயில் வழிதான். ஒரு குழாய் விட்டுப்போனால் கால் பிரேக் முழுவதும் போய்விடும். யாழ்ப்பாணத்தில் அப்பா ஓட்டிய மைனர் இப்போது என்னிடம் இருக்கிறது. ஒரு நாள் சந்தியை நெருங்கும்போது பெடல் அப்படியே தரைவரை போனது. கை பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினேன். வீட்டுக்கு இழுத்துவந்து பார்த்தால், பின் சில்லுகளுக்குப் போகும் நீளக் குழாயில் யாரோ எப்போதோ ஒரு துண்டை வெட்டிவிட்டு, குளிர்சாதனப் பெட்டிக்குப் பாவிக்கும் செப்புக் குழாயை ஒட்டுப்போட்டிருந்தார்கள். செம்பு அதிர்வில் இறுகி, விரிந்த வாயருகே வெடித்திருந்தது. அதனால்தான் சொல்கிறேன்: துருப்பிடித்த இடத்தை மட்டும் மாற்றாதீர்கள். எல்லாக் குழாய்களையும், மூன்று றப்பர்க் குழாய்களையும் சேர்த்தே மாற்றுங்கள். முன்னால் இரண்டு, பின் அச்சுக்கு ஒன்று.

குழாய் 3/16 அங்குலம். செம்பும் நிக்கலும் கலந்த பிரேக் குழாயைக் கேட்டு வாங்குங்கள். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும். உப்புக் காற்றடிக்கும் எங்கள் பக்கத்துக்கு இதுதான் சரி. பழைய குழாயை எறிந்துவிடாமல் அதை வைத்தே நீளத்தையும் வளைவையும் எடுங்கள். ஒவ்வொரு முனையின் வாயும் எப்படி விரிக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். சில முனைகள் ஒற்றை மடிப்பு, சில இரட்டை. மாறிப்போனால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். வாயை விரிக்கும் முன் நட்டைக் குழாயில் போட்டுவிடுங்கள். முதல் இரண்டு மூன்று வாய்களை வீண் துண்டுகளில் விரித்துப் பழகுங்கள். நான் ஐந்தாவதைத்தான் காரில் பூட்டினேன்.

பெடலை மிதிக்கும்போது ஒயிலைக் குழாய்களுக்குள் தள்ளும் மாஸ்ரர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அதன் மூடியைத் திறக்கும் முன் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தெடுங்கள். ஒரு துளி மண் உள்ளே விழுந்தாலும் றப்பர் கெட்டுவிடும். எதையும் பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவவேண்டாம், றப்பர் ஊதிவிடும். பிரேக் ஒயில் அல்லது ஸ்பிரிட் போதும். குழாய்களுக்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்கும்போது தூரத்துச் சில்லிலிருந்து தொடங்குங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள் உண்டு. அவற்றை இணைக்கும் சின்னக் குழாயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெடலை மிதிக்க இன்னொருவர் வேண்டும். எனக்கு மகள் மிதித்தாள். முடிந்ததும் அவளை ஒரு நிமிடம் பலமாக மிதித்துப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைத் தாளால் தொட்டுப் பார்த்தேன். இரவு முழுவதும் கீழே பழைய பத்திரிகையை விரித்துவைத்தேன். காலையில் ஒரு மூட்டின் கீழே காசளவு ஈரம்! அதைக் கழற்றி வாயைப் புதிதாக விரித்த பிறகுதான் ஒழுங்கைக்குள் நடை வேகத்தில் ஓட்டிப் பார்த்தேன்.

பிரேக் விளக்கின் சுவிட்சும் இந்தக் குழாய் வழியிலேயே பூட்டப்பட்டு, ஒயிலின் அழுத்தத்தால் இயங்குகிறது. பழையது உள்ளுக்குள் கசிந்து வயரையும் கெடுக்கும். அதையும் இப்போதே புதிதாக்குங்கள்.

இனி மீற்றர். இது எளிது. பியூஸ் பெட்டியில் ஏ4 என்று குறித்த முனையிலிருந்து பச்சை வயர் மீற்றருக்கு வருகிறது. மீற்றரிலிருந்து கறுப்புக் கோடிட்ட பச்சை வயர் தாங்கியில் பெற்றோலின் மட்டத்தை அறியும் மிதவை அலகுக்குப் போகிறது. உங்கள் காரின் வயதுக்குரிய மீற்றரில் தாங்கி வெறுமையாக இருக்கும்போது அந்த அலகின் மின்தடை குறைவு, நிறைந்தால் அதிகம். ஆகவே வயர் அறுந்தாலும், தாங்கிக்கு ஏர்த் (காரின் சட்டத்துடனான மின் இணைப்பு) கிடைக்காவிட்டாலும் முள் நிறைந்த பக்கமே போய் நிற்கும். தாங்கிப் பக்கத்து வயரைக் கழற்றி, பெற்றோல் ஆவியிலிருந்து தள்ளி, வெறும் உலோகத்தில் தொடுங்கள். முள் வெறுமைக்கு இறங்கினால் மீற்றரும் வயரும் நலம். பிழை அலகில் அல்லது ஏர்த்தில். என் காரில் தாங்கியின் ஆணிகளைச் சுற்றிப் பூசிய பெயின்ற் ஏர்த்தைத் தடுத்திருந்தது. அலகின் ஓர் ஆணியிலிருந்து சட்டத்துக்குத் தனி வயர் ஒன்று இழுத்தேன், முள் சரியானது. தாங்கிப் பக்கத்துச் சோதனையில் முள் இறங்காவிட்டால் மீற்றரின் பின்பக்கத்தில் அதே சோதனையைச் செய்யுங்கள். அங்கே இறங்கினால் இடையில் வயர் அறுந்திருக்கிறது. பற்றரி மின்சாரத்தை மட்டும் மிதவை அலகுக்கு நேரடியாகக் கொடுக்காதீர்கள், கருகிவிடும்.

புதிதாக வெப்ப மீற்றரோ ஒயில் மீற்றரோ பூட்ட நினைத்தால், முதலில் பற்றரியின் எந்த முனை சட்டத்தில் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். இந்தக் கார்கள் வந்தபோது நேர்முனைதான் சட்டத்தில் இணைந்திருந்தது. பின்னர் பலர் மாற்றியிருக்கிறார்கள். இன்றைய இலத்திரனியல் மீற்றர்கள் எதிர்முனை சட்டத்திலுள்ள கார்களுக்காகச் செய்யப்பட்டவை.

மூட்டுகளின் படத்தை அனுப்பினால், எந்த முனைக்கு எந்த மடிப்பு என்று பார்த்துச் சொல்கிறேன்.