ஒரு வசனத்தை மட்டும் பிடுங்கிக்கொண்டு வராதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைச் சுற்றித்தான்: இயேசு கடவுளா, கடவுள் அனுப்பிய மகன் மட்டும்தானா. சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். ஒன்றுக்கு மட்டும் நீளமாக எழுதியிருக்கிறேன், அது பல வருஷமாக மனதில் கிடக்கிற விஷயம்.

பாலக்கோடு வாசகர்: "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" (யோவான் 14:28) என்று இயேசுவே சொல்லிவிட்டார். அப்புறம் எப்படி அவரைத் தேவன் என்கிறீர்கள்?

அந்த வசனத்தின் கடைசி நாலு வார்த்தைகளை மட்டும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள், முதல் பாதி எங்கே? "பிதாவினிடத்திற்குப் போகிறேனென்று நான் சொன்னதைக்குறித்துச் சந்தோஷப்படுவீர்கள்" என்று சொல்லிவிட்டுத்தான் இதைச் சொல்கிறார். தாழ்மையின் நிலையிலிருந்து மகிமைக்குத் திரும்பப் போகிறவர் பேசுகிற பேச்சு அது. ஒரு மகன் "அப்பா என்னைவிடப் பெரியவர்" என்று சொன்னால் அப்பா மனிதர், மகன் மனிதனில்லை என்று யாராவது அர்த்தம் எடுப்போமா? பெரியவர் என்பது ஸ்தானம், தன்மை இல்லை. அதே அதிகாரத்தில் ஒன்பதாம் வசனத்தில் "என்னைக் கண்டவன் பிதாவைக் கண்டான்" என்றும் சொல்லியிருக்கிறார், அதையும் படியுங்கள். எல்லாருக்கும் சொல்கிறதுதான்: ஒரு வசனத்தை எடுத்தால் முன்னால் பத்து, பின்னால் பத்து வசனம் படித்துவிட்டு எழுதுங்கள்.

ஓசூர் சகோதரி: "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்" (யோவான் 10:30) என்பதால் பிதாவும் இயேசுவும் ஒரே ஆள்தான், திருத்துவம் (பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற மூவரும் ஒரே தேவன் என்பது) என்பதே இல்லை என்று எங்கள் சபையில் போதிக்கிறார்கள். சரியா ஐயா?

சரியில்லை அம்மா, பதில் அந்தத் தமிழ் வாக்கியத்திலேயே இருக்கிறது. "ஒன்றாயிருக்கிறோம்" என்றுதான் இருக்கிறது, "ஒருவராயிருக்கிறேன்" என்று இல்லை. கிரேக்கத்திலும் அப்படியே: ஆளைக் குறிக்கிற "ஹெய்ஸ்" என்ற சொல்லைப் போடாமல் அஃறிணையில் "ஹென்" என்று போட்டிருக்கிறார் யோவான், வினைச்சொல்லும் பன்மை. மொழிபெயர்த்தவர்கள் அந்த வித்தியாசத்தைத் தமிழில் அழகாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். உங்கள் ஊரில் பக்கத்து வீட்டில் தெலுங்கு பைபிள் இருக்கும், வாங்கிப் பாருங்கள், அங்கேயும் "ஏகமை உன்னாமு" என்று பன்மையில்தான் முடியும்.

பிதாவே குமாரனாக வேஷம் மாறி வந்தார் என்கிற போதனை புதிதில்லை. மூன்றாம் நூற்றாண்டில் சபேலியுஸ் என்ற போதகர் ரோமில் இதைச் சொன்னார், கி.பி. 220 வாக்கில் சபை அவரை விலக்கி வைத்தது. இயேசு ஞானஸ்நானம் பெற்றபோது யோர்தானில் குமாரன் தண்ணீரில் நிற்க, ஆவி புறாவைப்போல் இறங்க, வானத்திலிருந்து பிதாவின் சத்தம் வந்ததே, ஒரே ஆள் என்றால் அங்கே யார் யாரிடம் பேசினது?

ஆனால் நம் பக்கத்தாரும் இந்த வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாதம் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. 17-ஆம் அதிகாரத்தில் சீஷர்களும் "ஒன்றாயிருக்கும்படிக்கு" என்று இயேசு இதே சொல்லில் ஜெபிக்கிறார். பத்தாம் அதிகாரத்தின் பலம் 28, 29-ஆம் வசனங்களில் இருக்கிறது: என் கையிலிருந்து ஒருவனும் பறித்துக்கொள்ள மாட்டான், பிதாவின் கையிலிருந்தும் பறித்துக்கொள்ள முடியாது. இரண்டு கைக்கும் ஒரே வல்லமை. கேட்டவர்கள் அவரை அடிக்கக் கல்லெடுத்தது அதனால்தான்.

பர்கூர் வாசகர்: வீட்டுக்கு வந்த இரண்டு பேர், யோவான் 1:1-இல் ("அந்த வார்த்தை தேவனாயிருந்தது") கிரேக்கத்தில் "ஒரு கடவுள்" என்றுதான் இருக்கிறது, நம் பைபிள் தப்பு என்கிறார்கள்.

இயேசு சர்வவல்ல தேவன் இல்லை என்று போதிக்கிற யெகோவாவின் சாட்சிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பில் அப்படிப் போட்டிருக்கிறது. ஆங்கிலத்தில் "a" போடுகிற மாதிரி "ஒரு" போடுகிற வழக்கமே கிரேக்கத்தில் கிடையாது. "அந்த" என்று சுட்டுகிற சொல் அந்த இடத்தில் "தேவன்" முன்னால் வரவில்லை, அதை வைத்துத்தான் "ஒரு" சேர்க்கிறார்கள். சரி, அதே முதலாம் அதிகாரத்தில் 6, 12, 13, 18-ஆம் வசனங்களிலும் "தேவன்" என்பது அந்தச் சொல் இல்லாமல்தான் வருகிறது. யோவான் ஸ்நானகனை அனுப்பியது "ஒரு கடவுளா"? அங்கெல்லாம் போடாத "ஒரு" இங்கே மட்டும் ஏன் என்று கேளுங்கள். மூன்றாம் வசனத்தையும் காட்டுங்கள்: "உண்டானதொன்றும் அவராலேயல்லாமல் உண்டாகவில்லை." உண்டானவற்றின் பட்டியலில் அவர் இல்லை.

கதவைச் சாத்த வேண்டாம். உட்காரவைத்து டீ கொடுத்துப் பேசுங்கள். வெயிலில் வீடு வீடாக நடந்து வருகிறவர்கள், மரியாதையாக நடத்துங்கள்.

கிருஷ்ணகிரி கல்லூரி மாணவர்: 325-இல் ரோம ராஜா கான்ஸ்டன்டைன் ஓட்டுப் போட்டு இயேசுவைக் கடவுளாக்கினார் என்று யூடியூபில் பார்த்தேன். அதே கூட்டத்தில் பைபிளில் எந்தப் புத்தகங்கள் இருக்கணும் என்றும் முடிவு செய்தார்களாமே?

இரண்டும் தவறு தம்பி. அந்த 325 கூட்டம் நடந்தது நைசியா என்ற ஊரில், எந்தப் புத்தகங்கள் என்ற பேச்சே அங்கே எடுக்கவில்லை. அங்கே விவாதம், எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்த ஆரியஸ் என்ற மூப்பர் "குமாரன் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு, அவரும் படைக்கப்பட்டவரே" என்று போதித்ததைப் பற்றி. வந்திருந்த ஆயர்கள் ஏறக்குறைய 300 பேர், குமாரனும் பிதாவும் ஒரே தன்மையுள்ளவர்கள் என்ற அறிக்கையில் கையெழுத்துப் போட மறுத்து ஆரியஸோடு கடைசிவரை நின்றது இரண்டே பேர்.

ராஜா நினைத்தபடி நடந்தது என்பதற்கு அதற்குப் பிறகு வந்த ஐம்பது வருஷ வரலாறே எதிர்சாட்சி. ஆரியஸை நாடு கடத்திய அதே கான்ஸ்டன்டைன் கொஞ்ச வருஷத்தில் திரும்ப அழைத்துக்கொண்டார். 337-இல் சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் வாங்கியது ஆரியஸின் நண்பரான ஆயர் கையால். அவர் மகன் கான்ஸ்டன்டியஸ் வெளிப்படையாகவே ஆரியஸ் கட்சிக்குத் துணை நின்றார். நைசியா விசுவாசத்துக்காக நின்ற அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியஸ் ஐந்து முறை துரத்தப்பட்டார், மொத்தம் பதினேழு வருஷம் ஊரை விட்டு அலைந்தார். அரண்மனைதான் தீர்மானித்தது என்றால் இன்றைக்கு எல்லாச் சபையிலும் ஆரியஸின் போதனையல்லவா இருக்க வேண்டும்? 381-இல் கான்ஸ்டன்டிநோபிளில் கூடிய ஆயர் சங்கத்தில்தான் அந்த விவகாரம் அடங்கியது.

இன்னொன்று. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தின் ஆளுநர் பிளினி, இந்தக் கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைத் தெய்வமாக வைத்துப் பாடுகிறார்கள் என்று ரோமச் சக்கரவர்த்திக்கு எழுதினார். அவர் கிறிஸ்தவர் இல்லை, அவர்களைத் தண்டித்தவர். நைசியா இருப்பதும் அதே பித்தினியாவில்தான். மாநாட்டுக்கு 200 வருஷம் முன்பே அந்த மண்ணில் நடந்த ஆராதனை அது.

தர்மபுரி வாசகர்: இத்துடன் 40 வசனங்கள் அனுப்பியுள்ளேன். ஒவ்வொன்றுக்கும் பதில் தேவை.

வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே ஃபார்வர்டு செய்திருக்கிறீர்கள், இரண்டு வசனம் அதிகார எண்ணே தப்பு, ஒன்று மூன்று தடவை வருகிறது. நீங்களே படிக்காததற்கு நான் பதில் எழுத மாட்டேன். அதில் ஒன்றை எடுத்து, முன்னால் பத்து பின்னால் பத்து படித்துவிட்டு, சந்தேகம் மிச்சமிருந்தால் எழுதுங்கள், கட்டாயம் பதில் தருகிறேன்.

ராயக்கோட்டை ஊழியர்: திருத்துவத்துக்கு 1 யோவான் 5:7-ஐவிடத் தெளிவான வசனம் உண்டா? "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி... இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்." இதைச் சொன்னால் எவனும் வாய் திறக்க முடியாது. ஏன் நீங்கள் இதை எழுதுவதே இல்லை?

எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. அந்த வாக்கியம் யோவான் எழுதியது இல்லை.

கோபப்படாமல் முழுக்கப் படியுங்கள். அந்த நிருபம் இருக்கிற கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் ஏறக்குறைய 500. அதில் இந்த வாக்கியம் இருப்பது சுமார் பத்தில், அவையும் எல்லாம் பிற்காலத்தவை, சிலவற்றில் ஓரத்தில் பிறகு யாரோ எழுதிச் சேர்த்தது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் பிரதியிலும் சீனாய் பிரதியிலும் இல்லை. ஆரியஸ் கட்சியோடு அத்தனை வருஷம் வாதாடிய அத்தனாசியஸ் இதை ஒரு தடவைகூட எடுக்கவில்லை, கையில் இருந்திருந்தால் முதல் நாளே எடுத்திருப்பாரே. லத்தீனில் விளக்கமாகத் தொடங்கி, மெல்ல வசனத்துக்குள் புகுந்துவிட்டது. எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இலும் 1519-இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இது இல்லை. எதிர்ப்பு வந்து, 1522 பதிப்பில்தான் சேர்த்தார். அங்கிருந்து ஆங்கில பைபிளுக்கும் நம் பழைய தமிழ் பைபிளுக்கும் வந்தது. மார்ட்டின் லூத்தர் உயிரோடிருந்தவரை அவருடைய ஜெர்மன் பைபிளில் இந்த வாக்கியம் இல்லை. கிருஷ்ணகிரிக்கு லுத்தரன் மிஷனரிகள் வந்து 1895-இலிருந்து 130 வருஷமாகத் திருத்துவத்தை அறிக்கையிடுகிற சபைகள் இருக்கிற மாவட்டம் இது. அவர்களுடைய லூத்தருக்கே இந்த வசனம் இல்லாமல் திருத்துவ விசுவாசம் உறுதியாக நின்றது என்றால் நமக்கு ஏன் இது இல்லாமல் பயம்?

நானும் இதைப் போதித்தவன்தான். இருபத்தைந்து வருஷத்துக்கு முன் காவேரிப்பட்டினம் பக்கம் ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் இந்த வசனத்தைத்தான் முதல் ஆதாரமாக வைத்துப் பேசினேன். பிளஸ் டூ படிக்கிற ஒரு பையன், தன் கத்தோலிக்க நண்பனிடம் வாங்கி வந்த திருவிவிலியத்தைத் திறந்து, "ஐயா, இதில் அந்த வரி இல்லையே, நீங்கள் சேர்த்துக்கொண்டீர்களா, அவர்கள் எடுத்துவிட்டார்களா?" என்று கேட்டான். எனக்கு அப்போது விவரம் தெரியாது. அவர்கள்தான் எடுத்துவிட்டார்கள் என்று எல்லார் முன்னாலும் உறுதியாகச் சொன்னேன். கொஞ்ச நாளில் அவனே தேடிப் படித்து உண்மையைத் தெரிந்துகொண்டான். அதற்குப் பிறகு அவன் கூட்டத்துக்கு வரவில்லை. இதிலேயே பொய் சொன்னவர்கள் மற்றதில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று அவன் அம்மாவிடம் சொன்னானாம். அந்த வார்த்தை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன், மேடையில் நிற்கிற ஒவ்வொருவரையும்: எதிராளி வாயை அடைக்கிற வசனம் எது என்று தேடாதீர்கள், உண்மையில் எழுதப்பட்டது எது என்று தேடுங்கள். உயிர்த்தெழுந்த இயேசுவைப் பார்த்துச் சீஷனாகிய தோமா "என் ஆண்டவரே! என் தேவனே!" என்றபோது இயேசு அதைத் தடுக்கவில்லை (யோவான் 20:28). பிலிப்பியர் இரண்டாம் அதிகாரம் இருக்கிறது, எபிரெயர் முதலாம் அதிகாரம் இருக்கிறது, இவையெல்லாம் பழைய பிரதிகளில் உறுதியாக இருப்பவை. 1 தீமோத்தேயு 3:16-இல் "தேவன் மாம்சத்திலே வெளிப்பட்டார்" என்பதிலும் இதே ஜாக்கிரதை வேண்டும், பழைய பிரதிகளில் அங்கே "தேவன்" என்பதற்குப் பதில் "அவர்" என்கிற பொருளில்தான் இருக்கிறது, கிரேக்கத்தில் இரண்டுக்கும் ஒன்றிரண்டு கோடுதான் வித்தியாசம். நல்ல ஆதாரம் கைநிறைய இருக்கும்போது ஒட்டுப்போட்டதைத் தூக்கிக்கொண்டு போகிறவன் தன் விசுவாசத்துக்கே கேடு செய்கிறான்.

பென்னாகரம் வாசகர்: கொலோசெயர் 1:15 "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறு". அப்படியானால் முதலில் படைக்கப்பட்டவர் என்றுதானே?

சங்கீதம் 89:27-இல் தாவீதை "முதற்பேறானவன்" ஆக்குவேன் என்கிறார் கர்த்தர். தாவீது ஈசாயின் எட்டுப் பிள்ளைகளில் கடைசி. ஆக, அது பிறந்த வரிசை இல்லை, உரிமையும் மேன்மையும். அடுத்த வசனமே "அவருக்குள் சகலமும் சிருஷ்டிக்கப்பட்டது" என்கிறது. பின்னால் பத்து வேண்டாம், ஒன்று படித்திருந்தாலே போதுமே.

அரூர் வாசகர்: கடைசி நாளைக் "குமாரனும் அறியார்" (மாற்கு 13:32). தேவனுக்குத் தெரியாதது உண்டா?

கஷ்டமான வசனம், ஒரே வரியில் தட்டிவிட மாட்டேன். பசித்தார், களைத்தார், ஞானத்தில் விருத்தியடைந்தார் என்றெல்லாம் சுவிசேஷங்களே சொல்கின்றன. மெய்யாகவே மனுஷனானவருக்கு மனுஷ அறிவின் எல்லையும் உண்டு என்றுதான் அத்தனாசியஸ் முதல் பலரும் விளக்கினார்கள். 451-இல் ஆயர்கள் கூடிய கல்சிதோன் சங்கம் சொன்னதும் இதுதான்: இரண்டு தன்மை, ஒன்றோடொன்று கலக்காமல், பிரியாமல், ஒரே ஆள். வசனத்தில் உள்ள வரிசையையும் கவனியுங்கள்: மனுஷர், தூதர்கள், அதற்கு மேலே குமாரன், அப்புறம் பிதா. எந்தத் தீர்க்கதரிசியும் தன்னைத் தூதர்களுக்கு மேலே நிறுத்திப் பேசியதில்லை. இதற்கு மேல் எனக்கு முழு விளக்கம் இல்லை, இருப்பதுபோல் எழுதவும் மாட்டேன்.

தர்மபுரி, இன்னொரு வாசகர்: தேவகுமாரன் என்றால் தேவனுக்கு மனைவி உண்டா?

இல்லை. மண்ணின் மைந்தன் என்றால் மண் பெற்றெடுத்தது என்று யாரும் எண்ணுவதில்லை. திருத்துவத்தை அறிக்கையிடுகிற எந்தச் சபையும் அப்படிப் போதித்ததில்லை.

காவேரிப்பட்டினம் வாசகர்: என் முஸ்லிம் நண்பர், "நான் கடவுள், என்னை வணங்குங்கள்" என்று இயேசு சொன்ன வசனம் ஒன்றைக் காட்டு என்கிறார்.

அதே வார்த்தைகளில் இல்லை, இருக்கிறது என்று சொல்லாதீர்கள். மாற்கு இரண்டாம் அதிகாரத்தையும் பதினாலாம் அதிகாரத்தையும் நண்பரோடு உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள். ஒன்றில் "தேவன் ஒருவரேயன்றிப் பாவங்களை மன்னிக்கத்தக்கவர் யார்?" என்று கேட்கிறவர்கள் முன்னாலேயே பாவத்தை மன்னிக்கிறார். மற்றதில், மேகங்கள்மேல் வரும் மனுஷகுமாரன் நானே என்று தானியேல் 7-ஐத் தனக்கே எடுத்துக்கொள்கிறார், பிரதான ஆசாரியன் வஸ்திரத்தைக் கிழித்து "தேவதூஷணம்" என்கிறான். என்ன சொன்னார் என்பது அவனுக்குப் புரிந்துவிட்டது. நண்பர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நட்பு போக வேண்டாம்.

எலத்தகிரி வாசகி: என் பாட்டி இன்னும் "சர்வேசுரா" என்றுதான் ஜெபிக்கிறார். எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் "கடவுள்" என்கிறோம், கணவர் வீட்டு சபையில் "தேவன்". தேவன் என்றால்தான் இயேசுவின் தெய்வீகம் சரியாக வரும் என்று மாமியார் சொல்கிறார்.

அப்படி எதுவும் இல்லை. தரங்கம்பாடியில் 1715 வாக்கில் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் "சர்வேசுரன்"தான். பிறகு இன்னொரு மிஷனரியான பப்ரிஷியஸ் தன் மொழிபெயர்ப்பில் "பராபரன்" என்றார். 1871 பைபிளில் "தேவன்" ஆனது, அதற்குப் பின் வந்தவர்கள் "கடவுள்" என்றார்கள். நாலும் மொழிபெயர்த்தவர்கள் யோசித்து யோசித்து எடுத்த தமிழ்ச் சொற்கள், ஒன்றும் வானத்திலிருந்து விழவில்லை. மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். பாட்டியைத் திருத்த வேண்டாம். அவர் சொல்கிற அந்தப் பழைய ஜெபங்கள் இப்போது நிறையப் பேருக்குத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், முடிந்தால் எனக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.