ஃபார் க்ரை ப்ரைமல் விளையாட்டில் பேசப்படும் கற்கால மொழி எந்த அளவுக்கு உண்மையானது?

2016இல் யுபிசாஃப்ட் வெளியிட்ட ‘ஃபார் க்ரை ப்ரைமல்’ வீடியோ கேமில் கதைமாந்தர் பேசுவது உண்மையிலேயே அந்தக் காலத்து மொழிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அல்ல. கதை நடப்பது கி.மு. 10,000இல், மத்திய ஐரோப்பாவில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஒரு பள்ளத்தாக்கில். எழுத்தே தோன்றாத அக்காலத்தில் அங்கே எந்த மொழி வழங்கியது என்பதை அறிய இன்று வழியே கிடையாது. ஆயினும் அது வாய்க்கு வந்தபடி புனைந்த உளறலும் அல்ல. கென்டக்கி பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ பைர்ட், பிரென்னா பைர்ட் என்ற மொழியியலாளர் இருவர், மூல இந்தோ-ஐரோப்பிய மொழியை அடிப்படையாகக் கொண்டு, இலக்கண ஒழுங்கோடு உருவாக்கிய மொழி அது.

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் முதலியவற்றை ஒப்பிட்டு, அவற்றுக்கெல்லாம் தாயாக இருந்திருக்க வேண்டிய இந்த மூலமொழியை மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கம் செய்திருக்கிறார்கள். கல்வெட்டோ ஏடோ இல்லாத ஒரு மொழியை இப்படி மீட்பதை நம்பலாமா என்ற ஐயம் இயல்பானதே. அதற்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது இன்றைய துருக்கிப் பகுதியில் பண்டைக் காலத்தில் வழங்கிய, இதே குடும்பத்தைச் சேர்ந்த ஹிட்டைட் மொழியின் சான்றைத்தான். சுவிட்சர்லாந்து மொழியியலாளர் சசூர் இளைஞராக இருந்தபோது, 1879ஆம் ஆண்டிட்டு வெளிவந்த தம் ஆய்வில், உயிரொலிகளின் மாற்றத்தை விளக்க வேண்டுமானால் மூலமொழியில் பிற்காலத்தில் மறைந்துபோன சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். அப்போது அவ்வொலிகளை வெளிப்படையாகக் காட்டும் மொழி எதுவும் அறியப்பட்டிருக்கவில்லை. துருக்கியில் அகழ்ந்தெடுத்த களிமண் பலகைகளின் ஹிட்டைட் மொழியை 1915இல் செக் அறிஞர் ஹ்ரோஸ்னி படித்தறிந்தார். சசூர் ஊகித்த இடங்களில் சிலவற்றில் அம்மொழியில் ‘ஹ’ போன்ற ஒலி நிற்பதை 1927இல் போலந்து மொழியியலாளர் குரிலோவிச் எடுத்துக்காட்டினார். ‘முன்’ என்ற பொருளில் லத்தீனில் ‘ஆன்டே’ என்று உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லின் உறவுச் சொல், ஹிட்டைட்டில் ‘ஹன்ட்’ என்று தொடங்குகிறது. இத்துறையில் இதைவிட அழகான ஒரு மெய்ப்பிப்பை நான் கண்டதில்லை.

முறை உறுதியானது, இடிப்பது காலம்தான். மூல இந்தோ-ஐரோப்பிய மொழியைப் பெரும்பாலான அறிஞர்கள் கி.மு. 4500க்கும் 2500க்கும் இடைப்பட்டதாகக் கருதுகிறார்கள். அதற்கு வலுவான சான்று அம்மொழியின் சொற்களிலேயே இருக்கிறது: சமஸ்கிருதத்தின் ‘சக்ர’, கிரேக்கத்தின் ‘குக்லோஸ்’, ஆங்கிலத்தின் ‘வீல்’ மூன்றும் ஒரே மூலச்சொல்லின் வழிவந்தவை, வண்டியின் அச்சுக்கும் நுகத்துக்கும்கூட அவ்வாறே பொதுச் சொற்கள் உள்ளன. சக்கர வண்டி வழக்குக்கு வந்ததற்கான சான்றுகளோ ஏறக்குறைய கி.மு. 3500ஐ ஒட்டியவை. ஆகவே, மாமத யானைகளை வேட்டையாடும் இந்த விளையாட்டின் காலம் இம்மொழிக்குக் குறைந்தது ஐயாயிரம் ஆண்டுகள் முந்தியது.

பைர்ட் இணையர் இந்த இடைவெளியை அறிந்தே செயல்பட்டார்கள் என்பதுதான் எனக்கு அவர்கள் மீது மதிப்பை உண்டாக்குகிறது. மூன்று இனக்குழுக்களுக்கு மூன்று வகை மொழிகளை அமைத்து, அவற்றுள் இஸிலாக்களின் மொழியை மட்டும் மீட்டுருவாக்கத்துக்கு மிக நெருக்கமாக வைத்தார்கள். கதைநாயகன் தக்காரின் வென்ஜா மொழியை, மூலமொழிக்கும் முந்திய நிலை ஒன்று இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்ற ஊகத்தின் பேரில் கட்டினார்கள். ஊகத்தை ஊகமாகவே வைத்துக்கொண்டு, அதற்குள் ஒலிவிதிகளையும் விகுதிகளையும் பிறழாமல் கையாள்வது எளிய வேலையல்ல.

வாக்கிய அமைப்பையும் பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் பொறுத்தவரை இவ்வளவு கறாராக எதையும் சொல்ல முடியாது. ஒப்பீட்டு முறை ஒலிகளையும் சொல்வடிவங்களையும் மீட்பதில்தான் வல்லது. கோபத்தில் குரல் எங்கே உயரும், கெஞ்சும்போது எங்கே தாழும் என்பவையெல்லாம் நடிகர்களும் பயிற்சியளித்தவர்களும் கொடுத்த உயிர். ஆகவே, மூலமொழியின் சாயலைக் காதால் கேட்க விரும்பினால், வென்ஜாக்களை விட்டுவிட்டு இஸிலாக்கள் பேசும் காட்சிகளைச் சப்டைட்டிலோடு கவனித்துக் கேளுங்கள்.