கேள்வி-பதில்: தேடலில் கிடைத்த படத்துக்கு இழப்பீடு கேட்கிறார்கள்

கேள்வி: கைவினைப் பொருள்கள் விற்கும் சிறிய இணையதளம் ஒன்றை நடத்துகிறேன். கூகுள் தேடலில் கிடைத்த, மழைத்துளி படிந்த ஜன்னல் படம் ஒன்றை அதில் பயன்படுத்தியிருந்தேன். மூன்று ஆண்டுகள் கழித்து, அது தங்கள் வாடிக்கையாளரின் படம் என்றும், 14 நாள்களுக்குள் இழப்பீடு செலுத்த வேண்டும் என்றும் ஒரு நிறுவனம் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. படத்தை நீக்கிவிட்டேன். விஷயம் இத்துடன் முடிந்ததா?

பதில்: முடியவில்லை. நீக்கியது சரிதான், ஆனால் அது இனிமேல் நடக்கும் பயன்பாட்டைத்தான் நிறுத்துகிறது, மூன்று ஆண்டுப் பயன்பாட்டை அழித்துவிடாது. 1886இல் உருவாகிப் பின்னர் திருத்தப்பட்ட பெர்ன் உடன்படிக்கையை (படைப்பாளிகளின் உரிமைகளைக் காக்கும் சர்வதேச ஒப்பந்தம்) ஏற்ற நாடுகளில், பதிவு எதுவும் செய்யாமலேயே படைப்பாளிக்குப் பதிப்புரிமை கிடைத்துவிடுகிறது. (பலர் இதைக் காப்புரிமை என்கிறார்கள், அது கண்டுபிடிப்புகளுக்கு உரியது.) படத்தில் பெயரோ முத்திரையோ இல்லை என்பதால் அது பொதுச்சொத்தாகிவிடாது.

இன்னொன்றையும் பாருங்கள். பக்கத்திலிருந்து படத்தை எடுத்த பிறகும், சர்வரில் அந்தக் கோப்பு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். அப்படியிருந்தால், அதன் நேரடி முகவரியைத் தட்டினால் ஜன்னல் படம் மீண்டும் திறக்கும். கோப்பையும் அதன் சிறிய அளவுப் பிரதிகளையும் சேர்த்து அழியுங்கள். அதற்கு முன், படம் இருந்த பக்கத்தையும் அது எப்போது ஏற்றப்பட்டது என்பதையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கேட்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டா என்பதைச் சரிபார்க்க வேண்டும். மின்னஞ்சலில் உள்ள இணைப்பையோ கோப்பையோ திறக்காதீர்கள். ‘ஆதாரத்தைப் பார்க்க இங்கே சொடுக்கவும்’ என்று பதிப்புரிமைப் புகாரைப் போலவே வேடமிட்டு வரும் மோசடிகள் உண்டு. நிறுவனத்தின் முகவரியை நீங்களே தேடி, படத்தை எடுத்தவர் யார், அவர் இவர்களுக்கு அளித்த அதிகாரக் கடிதம் எங்கே, தொகையை எந்த அடிப்படையில் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தவறை ஒப்புக்கொள்ளும் வாசகம் அதில் வேண்டாம். பதிலே போடாமல் இருப்பது எனக்கு உடன்பாடில்லை; உண்மையான உரிமையாளராக இருந்தால், உங்கள் மௌனம் வழக்குக்குத்தான் வழிவிடும்.

உரிமை உறுதியானால், பேரம் பேசலாம். முதலில் கேட்கப்படும் தொகை பெரும்பாலும் கடைசித் தொகை அல்ல. அதே படமோ அதைப் போன்ற படமோ விற்பனைத் தளங்களில் அதே அளவுக்கும் காலத்துக்கும் என்ன உரிமக் கட்டணத்துக்குக் கிடைக்கிறது என்று பார்த்து, அதை அடிப்படையாக வைத்துப் பேசுங்கள். இந்தப் படத்தின் முந்தைய பயன்பாடு தொடர்பாக இனி எந்தக் கோரிக்கையும் எழுப்பப்படாது என்று கையொப்பமிட்ட கடிதம் பெறாமல் பணம் அனுப்ப வேண்டாம். தொகை பெரிதாக இருந்தாலோ வழக்கறிஞர் நோட்டீஸ் வந்தாலோ, உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைப் பாருங்கள்.

கேள்வி: நான் எடுத்தது கிரியேட்டிவ் காமன்ஸ் படம். எடுத்தவரின் பெயரைப் போட மறந்துவிட்டேன். எனக்கும் இதே நிலைதானா?

பதில்: உங்கள் நிலை சற்று மேல். கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது, பெயர் குறிப்பிடுவது போன்ற நிபந்தனைகளுடன் படைப்பாளியே முன்கூட்டித் தரும் பயன்பாட்டு உரிமம்; நிபந்தனையை மீறினால் அந்த அனுமதி முறிந்துவிடும். 4.0 பதிப்பு உரிமமாக இருந்தால், மீறல் தெரியவந்த 30 நாள்களுக்குள் பெயரையும் உரிமக் குறிப்பையும் சேர்த்துவிட்டால், முறிந்த அனுமதி தானாகவே திரும்பிவிடும். அதற்கு முந்தைய மீறலுக்கு நிவாரணம் கேட்கும் உரிமை மட்டும் படம் எடுத்தவரிடம் இருக்கும். பழைய பதிப்புகளில் இந்தச் சலுகை இல்லை. எனவே, பதிப்பு எண் தெரியும்படி உரிமப் பக்கத்தை இன்றே சேமித்து வையுங்கள்.