வண்டி கேள்வி–பதில்: ஏறும்போது எஞ்சின், இறங்கும்போது பிரேக்

கேள்வி: அண்ணே, பழைய டபுள் கெப் ஒன்று வாங்கியிருக்கிறேன். கரட்டும் லீக்ஸும் ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்கு ஓட யோசனை. 2,500 கிலோ வரை இழுக்கும் என்று விற்றவர் சொன்னார். வெல்டிங் கடையில் ஒரு ட்ரெயிலர் செய்து கொளுவி, பெட்டியில் 20 மூட்டை, ட்ரெயிலரில் 30 மூட்டை, எல்லாம் 50 கிலோ மூட்டை, ஒரே ஓட்டத்தில் கொண்டுபோகலாமா? ஏற்றி இறக்க மூன்று பேர் கூட வருவார்கள். புத்தகத்தில் வெற்று எடை 1,860, மொத்த எடை 2,850 என்று போட்டிருக்கிறது.
– ராகலையிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, புத்தகத்தைப் பார்த்து எண்ணை எழுதி அனுப்பியதற்கு முதலில் சந்தோஷம். கராஜுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்தைத் திறந்தே பார்ப்பதில்லை. கதவைத் திறந்தால் தூணில், அல்லது பொனட்டுக்குள், கம்பனி அடித்த ஒரு தகடும் இருக்கும். அதையும் துடைத்துப் பாருங்கள். ஜப்பானில் ஓடி வந்த வண்டியாக இருந்தால் பின் கதவில் ஜப்பான் எழுத்தோடு ஒரு கிலோ எண் இருக்கும். ஏற்றக்கூடிய ஆகக் கூடிய பாரம் அதுதான். இங்கே வந்ததும் பெயின்ட் அடித்து மறைத்துவிடுகிறார்கள்.

மொத்த எடை என்றால் வண்டி, டீசல், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்ந்து சக்கரத்தில் நிற்கும் எடை. 2,850 இல் 1,860 ஐக் கழித்தால் 990 கிலோ மிச்சம். இந்த 990 ஐத்தான் எல்லோரும் 'ஒரு டன் கெப்' என்று சொல்லி, ஒரு டன்னையும் மரக்கறியாகவே ஏற்றிவிடுகிறார்கள். நீங்களும் அந்த மூன்று பேரும் ஆளுக்கு 60 கிலோ என்று வைத்தால் 240. மிச்சம் 750. முன்னால் இரும்பு பார், பெட்டிக்கு மேல் கம்பிக் கூடு, ட்ரெயிலர் கொளுவும் கொக்கி என்று பிறகு பூட்டியதெல்லாம் ஒரு 100 கிலோ வரும். மிச்சம் 650.

இப்போது ட்ரெயிலருக்கு வருவோம். விற்றவர் சொன்ன 2,500 பொய்யாக இருக்காது. ஆனால் அது ட்ரெயிலருக்கென்று தனிப் பிரேக் இருந்தால் மட்டும். பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு இந்த ரக கெப்களில் பெரும்பாலும் 750 கிலோதான் கம்பனி கொடுக்கும். அதிலும் ட்ரெயிலரின் சொந்த எடை சேர்த்திதான். இரும்பில் செய்த ட்ரெயிலர் 300 கிலோவுக்குக் குறையாது. ஆக அதில் ஏற்ற முடிந்தது 450, ஒன்பது மூட்டை.

ட்ரெயிலரின் எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் வந்து அழுத்தும். அழுத்தவும் வேண்டும். மூட்டைகளை ட்ரெயிலரின் வாலில் அடுக்கி அந்த அழுத்தத்தைக் குறைத்தால் ட்ரெயிலர் பாம்பு போல நெளியத் தொடங்கும். எனவே சக்கரத்துக்குச் சற்று முன்னால் பாரம் கூடுதலாக இருக்கட்டும். அந்த 75 கிலோவும் கெப்பின் கணக்கில்தான் விழும். மிச்சம் 575, பெட்டிக்குப் பதினொரு மூட்டை. நீங்கள் கேட்டது ஐம்பது மூட்டை. வருவது இருபது. மூன்று பேரையும் பஸ்ஸில் அனுப்பினால் இன்னும் நான்கு மூட்டை கூடும்.

கொக்கியைப் பற்றி இன்னொன்று. அது பின் எக்சலுக்கும் ஒரு மீற்றருக்கு மேல் பின்னால் தள்ளி நிற்கிறது. சீசோ பலகை மாதிரி. கொக்கியில் 100 கிலோ வைத்தால் பின் எக்சலில் ஏறத்தாழ 140 கிலோ ஏறும், முன் சக்கரத்திலிருந்து 40 கிலோ கழன்றுவிடும். ஏற்றத்து வளைவில் ஸ்டியரிங் இலேசாகிவிட்டது என்று சாரதிமார் சொல்வது இதைத்தான். மழைக்குள் அது நல்ல சமாச்சாரமில்லை.

பிரேக் வைத்த ட்ரெயிலர் வாங்கினால் முப்பது மூட்டையும் போகுமே என்று கேட்பீர்கள். கணக்குப்படி போகும். பெட்டியில் ஒன்பது மூட்டைக்கு மேல் வைக்காமல், வண்டியும் ட்ரெயிலரும் சேர்ந்த மொத்த எடைக்கு கம்பனி கொடுத்த எண்ணையும் தாண்டாமல் இருந்தால் போகும். ஆனால் உங்கள் வழி கந்தப்பளை, நுவரெலியா, லபுக்கலை, றம்பொடை. அந்த இறக்கத்தில் நான் அதைச் செய்யமாட்டேன், உங்களையும் செய்யச் சொல்லமாட்டேன்.

காரணம் சொல்கிறேன். மூன்று டன் வண்டி ஆயிரம் மீற்றர் உயரம் இறங்கும்போது அவ்வளவு பாரத்தின் வேகத்தையும் யாராவது விழுங்க வேண்டும். அந்தச் சக்தி முழுவதையும் சூடாக மாற்றினால் 80 லீற்றருக்கு மேல் பச்சைத் தண்ணீர் கொதித்துவிடும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். கம்பளைக்கு இறங்கி முடிக்கும்போது ஆயிரம் மீற்றரைத் தாண்டியிருப்பீர்கள். காற்றும் எஞ்சினும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மிச்சச் சூடெல்லாம் நான்கு சக்கரத்தில் உள்ள கையகல பிரேக் பேட்டிலும் ட்ரம்மிலும்தான். ஏறும்போது பாரம் கூடினால் எஞ்சின் திணறிக் காட்டிக்கொடுக்கும். இறங்கும்போது வண்டி சுகமாக ஓடும், ஒன்றும் தெரியாது. பெடல் பஞ்சு மாதிரி இறங்கும்போதுதான் தெரியும்.

ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வராமல், அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு, ஆறவிட்டு, மறுபடி பிடியுங்கள்.

கேள்வி: ஐயா, என் கணவர் கெப்பில் கோவாவும் உருளைக்கிழங்கும் ஏற்றி ஓடுகிறார். பின்பக்கம் தாழ்கிறது என்று பக்கத்துக்கு இரண்டு ஸ்ப்ரிங் பட்டை கூட்டிப் போட்டுவிட்டார். 'இனி ஒன்றரை டன் தாராளமாக ஏற்றலாம்' என்கிறார். இறக்கம் முடிந்து வீட்டு வாசலுக்கு வரும்போது முன் சக்கரத்தில் கருகிய வாசம் அடிக்கிறது. சொன்னால் கேட்கமாட்டார், நீங்கள் எழுதினால் வாசிப்பார்.
– புசல்லாவையிலிருந்து ஒரு வாசகி

பதில்: தங்கச்சி, இந்தப் பகுதியை அவரிடம் கொடுங்கள். இனி அவருக்கே எழுதுகிறேன்.

தம்பி, பதினெட்டு வருடத்துக்கு முன் ஹட்டனில் என் கராஜுக்கு ஒருவர் இதே வேலைக்கு வந்தார். பட்டை கூட்டிப் போட்டுக் கொடுத்தவன் நான். வண்டி நிமிர்ந்து நின்றது, அவருக்கும் சந்தோஷம், எனக்கும் சந்தோஷம். மூன்றாவது வாரம் கினிகத்தேனைப் பக்கம் இறங்கும்போது அவருக்குப் பிரேக் விட்டுப்போனது. பள்ளத்துப் பக்கம் விடாமல் மண்மேட்டில் மோதி நிறுத்தினார். ஆளுக்குக் கை முறிவு, உயிர் தப்பியது. வண்டியைக் கட்டி இழுத்துவந்து பிரித்தபோது முன் பேட் இரண்டும் இரும்பு வரை கருகிக் கிடந்தன. பின் பிரேக் கிட்டத்தட்ட புதிது மாதிரி. அன்று இரவு முழுக்க அந்த வண்டிக்கு அடியில் கிடந்தேன்.

பின் எக்சலுக்கு மேலே செசியில் ஒரு சின்ன வால்வு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி எக்சலுக்கு வரும். பாரம் ஏறிப் பெட்டி தாழ்ந்தால் கம்பி அசைந்து, பின் பிரேக்குக்குக் கூடுதல் அழுத்தம் போகட்டும் என்று வால்வு திறந்துவிடும். வெறும் வண்டியில் பின் சக்கரம் இறுகிப்போய் வழுக்காமலிருக்க, அழுத்தத்தைக் குறைத்துவிடும். பட்டை கூட்டியதும் என்ன ஆகிறது? ஒன்றரை டன் ஏற்றினாலும் பெட்டி தாழ்வதில்லை. வண்டி வெறுமையாக இருக்கிறது என்று வால்வு நம்பிக்கொள்கிறது. முழுப் பாரத்தையும் முன் பிரேக் தனியாகச் சுமக்கிறது. உங்கள் மனைவிக்கு அடிக்கிற வாசம் அதுதான். ஏபிஎஸ் உள்ள புதிய வண்டிகள் பலவற்றில் இந்த வேலையைக் கம்பியூட்டர் பார்க்கும். உங்களுடையதில் அந்தக் கம்பி இருக்கிறதா என்று நாளைக் காலையே குனிந்து பாருங்கள்.

பட்டை கூட்டினால் எக்சல் தடிக்காது, பேரிங் பெருக்காது, பிரேக் வளராது. தகட்டில் உள்ள எண் அதே எண்தான். கூட்டிய பட்டைகளைக் கழற்றிவிடுங்கள். முன் பேட், டிஸ்க், பின் ட்ரம் எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஒயிலை முழுதாக மாற்றுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்த பின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாய்க்குள் ஆவி, பெடலை மிதித்தால் ஒன்றும் இல்லை. நம்முடைய மூடுபனி ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் அதை வைத்திருக்காதீர்கள்.

டயரையும் பாருங்கள். 205ஆர்16சி என்ற கெப் டயரில் 110/108 என்று இருக்கும். 110 என்றால் ஒரு டயர் 1,060 கிலோ தாங்கும், சோடி 2,120. மலிவாகக் கிடைக்கிறது என்று 98 போட்ட கார் டயரைப் பூட்டினால் ஒன்று 750, சோடி 1,500. பாரம் ஏற்றிய கெப்பின் பின் எக்சல் அதைத் தாண்டிவிடும்.

கேள்வி: டிமோ பட்டா சின்ன லொறியில் கால் கியூப் மணல் ஏற்றலாமா? வீட்டுக்குக் கொட்டில் கட்டுகிறோம்.
– மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: ஏற்ற வேண்டாம். ஒரு கியூப் என்பது நூறு கன அடி, காய்ந்த மணல் நாலரை டன் வரும். கால் கியூப் 1,100 கிலோவைத் தாண்டும், நனைந்திருந்தால் இன்னும் கூடும். அது முக்கால் டன் வண்டி. இரண்டு நடையாக எடுங்கள். நடைக்கு நான்கு மூட்டை சீமெந்தும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள், அது 200 கிலோ.