குடத்துக்குள்ள யார் பேரு போகுது?

ரெண்டு இதழ் முன்னாடி ஆர்டிஇ குலுக்கல் பத்தி ஒரு அம்மாவுக்கு பதில் எழுதியிருந்தேன், அதாங்க, தனியார் ஸ்கூல்ல 25 சதவீத சீட்டை ஃபீஸ் இல்லாம குடுக்குற திட்டம். அதுக்கப்புறம் இதே விஷயமா கடிதங்கள் வந்துக்கிட்டே இருக்கு, சிலது கோவமா, சிலது படிக்கவே மனசு கஷ்டமா. அதனால இந்த தடவை வேற கேள்வி எதையும் எடுக்கல, முழுக்க இதுதான்.

கேள்வி: அக்கா, என் பையனுக்கு எல்கேஜி குலுக்கல்ல பேரு வந்துச்சு, தெருவுல எல்லாருக்கும் சாக்லேட் குடுத்தேன். இப்ப ஸ்கூல்ல புக்ஸ், யூனிஃபார்ம், ஷூ, ஆக்டிவிட்டின்னு மொத்தமா 16,500 கட்ட சொல்றாங்க. வீட்டுக்காரர் லோடு வண்டி ஓட்டுறாரு. இது ஃப்ரீன்னு தானே சொன்னாங்க?
– வாசகி, வியாசர்பாடி

பதில்: ஃப்ரீ தான்மா. அதுல உங்களுக்கு சந்தேகமே வேணாம். ஆர்டிஇங்கற கல்வி உரிமைச் சட்டம் 2009-ல போட்டது, 2010 ஏப்ரல் 1-ல இருந்து நடைமுறையில இருக்கு, அதுல "இலவச" கல்வின்னு தான் பேரே இருக்கு. நடைமுறையில என்ன ஆச்சுன்னா அரசு டியூஷன் ஃபீஸை மட்டும் ஸ்கூலுக்கு திருப்பி குடுக்குது, மத்ததெல்லாம் எங்க கணக்குல வராதுன்னு சொல்லி ஸ்கூல்காரங்க பெத்தவங்க தலையில கட்டிடுறாங்க. புக்ஸ், யூனிஃபார்ம் செலவையும் அரசு தான் ஏத்துக்கணும், ஆர்டிஇ பிள்ளைங்க கிட்ட வாங்கக்கூடாதுன்னு சென்னை உயர்நீதிமன்றம் 2023-ல சொல்லிடுச்சு. ஆனா தீர்ப்பு கோர்ட்டுல இருக்கு, ஃபீஸ் கவுண்டர்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு அது கேக்கல.

நீங்க செய்ய வேண்டியது, வாயால சண்டை போடாதீங்க, எதுக்கு எவ்வளவுன்னு எழுதி குடுங்கன்னு கேளுங்க. எழுதி குடுக்க மாட்டாங்க, பாதி பேரு அங்கேயே இறங்கி வந்துடுவாங்க. குடுத்தாங்கன்னா அதோட ஜெராக்ஸ் வச்சு தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு போடுங்க, 14417-க்கு போன் பண்ணியும் புகார் சொல்லலாம். தனியா போகாம அதே வருஷம் குலுக்கல்ல வந்த மத்த அம்மாங்க நாலு பேரை சேர்த்துக்கிட்டு போங்க. ஒருத்தர் போனா "உங்க பையனை தான் கவனிச்சுக்கிறோமே"ன்னு பேசி அனுப்பிடுவாங்க, நாலு பேருன்னா பேச்சே வேற.

இன்னொன்னும் இப்பவே மனசுல வச்சுக்கோங்க, இந்த சலுகை 8-வது வரைக்கும் தான், 9-வதுல முழு ஃபீஸ். அப்ப அரசுப் பள்ளிக்கு மாத்தினா எல்லாம் போச்சுன்னு பயப்படாதீங்க, ஆர்டிஇல 8 வரைக்கும் தனியார்ல படிச்சுட்டு 9-ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பிள்ளைக்கும் மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளி பிள்ளைங்களுக்குன்னு இருக்கிற 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு. இது நிறைய பேருக்கு தெரியாம, கடன் வாங்கி அதே ஸ்கூல்ல 9-வது ஃபீஸ் கட்டிக்கிட்டு இருக்காங்க.

கேள்வி: குலுக்கல்ல சீட்டு குடுக்கறது லாட்டரி டிக்கெட் மாதிரி இல்லையா? நல்லா படிக்கிற ஏழைப் பிள்ளைக்கு டெஸ்ட் வச்சு குடுத்தா அதுதானே நியாயம்?
– வாசகர், அண்ணா நகர்

பதில்: சார், மூணரை வயசு பிள்ளைக்கு என்ன டெஸ்ட் வைப்பீங்க? கலர் சொல்ல சொல்லுவீங்க, ஏபிசிடி சொல்ல சொல்லுவீங்க. அதை சொல்ற பிள்ளை வீட்ல யாரோ உக்காந்து சொல்லிக் குடுத்திருக்காங்கன்னு அர்த்தம், அவ்வளவு தான். அந்த டெஸ்ட் அளக்கறது பிள்ளையை இல்ல, அம்மாவுக்கு சாயங்காலம் நேரம் இருக்கா இல்லையாங்கறதை. அதனால தான் பிள்ளைக்கோ பெத்தவங்களுக்கோ எந்த தேர்வும் வச்சு வடிகட்டக்கூடாதுன்னு அந்த சட்டத்தோட 13-வது பிரிவு சொல்லுது, மீறினா முதல் தடவை 25,000, அப்புறம் ஒவ்வொரு தடவைக்கும் 50,000 ரூபா வரைக்கும் அபராதம்.

நான் ஒரு தடவை வடசென்னையில ஒரு ஸ்கூல் குலுக்கலை நேர்ல போய் பார்த்தேன், மே மாசம், காலையில பத்து மணிக்கே வெயில் மண்டையை பிளக்குது. பிரேயர் ஹால்ல பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தாங்க, டேபிள் மேல ஒரு எவர்சில்வர் குண்டான், அதுல மடிச்ச சீட்டு. ஒவ்வொரு சீட்டையும் போடறதுக்கு முன்னாடி பேரை சத்தமா படிச்சு எல்லாருக்கும் காட்டினாங்க, கல்வித்துறையில இருந்து வந்தவரு நின்னு பார்த்துக்கிட்டே இருந்தாரு, அங்க வந்திருந்த ஒரு சின்னப் பிள்ளையை கூப்பிட்டு தான் எடுக்க சொன்னாங்க. ஒரு குறையும் சொல்ல முடியாது. எனக்கு பக்கத்துல உக்காந்திருந்த அம்மா மடியில ஒரு ஜவுளிக்கடை கவரு, அதுக்குள்ள பர்த் சர்டிஃபிகேட், ரேஷன் கார்டு, வருமான சான்றிதழ், எல்லாம் வேர்வையில ஒட்டிக்கிச்சு. கடைசி சீட்டு எடுத்து முடிச்சப்புறமும் அவங்க எந்திரிக்கல. "இன்னும் இருக்குங்களா"ன்னு என்னை கேட்டாங்க.

அன்னைக்கு எனக்கு ஞாபகம் வந்தது உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்து கல்வெட்டு, 919, 921-ஆம் வருஷத்துது, வைகுண்டப் பெருமாள் கோவில் சுவத்துல இருக்கு. ஓலையில பேரெழுதி குடத்துல போட்டு, விவரம் தெரியாத ஒரு சின்னப் பையனை விட்டு எடுக்க வச்சு ஊர் சபைக்கு ஆள் தேர்ந்தெடுத்தாங்க. குடவோலை முறைன்னு நாம எல்லாரும் ஸ்கூல்ல படிச்சிருக்கோம், பெருமையா சொல்லிக்கிறோம். ஆனா அந்த ஓலையில பேரு எழுத என்ன வேணும்னு அதே கல்வெட்டு சொல்லுது பாருங்க, கால் வேலி நிலம் வேணும், சொந்த மனையில வீடு வேணும், வேதம் தெரிஞ்சிருக்கணும், 35-லிருந்து 70 வயசுக்குள்ள இருக்கணும். குடத்துக்குள்ள கை விட்ட பையன் யாருக்கும் பாரபட்சம் காட்டல, பாரபட்சம் எல்லாம் குடத்துக்கு வெளியிலயே முடிஞ்சு போச்சு. நம்ம குலுக்கலும் இன்னைக்கு அப்படித்தான் இருக்குங்கறது தான் என்னோட வருத்தம். குலுக்கறதுல தப்பில்ல சார், எவன் பேரு உள்ள போகுதுங்கறதை யாரும் கேக்க மாட்டேங்கறாங்க.

கேள்வி: நாங்க முன்னாடி கூவம் கரையில இருந்தோம், இப்ப பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு. ஆன்லைன்ல அப்ளை பண்ணா நாங்க நினைச்ச ஸ்கூல் எதுவுமே காட்டல, தூரம்னு சொல்றாங்க. என்ன செய்யறது?
– வாசகி, பெரும்பாக்கம்

பதில்: நான் மேல சொன்னதுக்கு உங்க கடிதமே சாட்சி தாயி. வீட்ல இருந்து 1 கிலோமீட்டர் சுற்றளவுல இருக்கிற ஸ்கூலுக்கு தான் விண்ணப்பிக்கலாம்ங்கறது இங்க விதி. சின்னப் பிள்ளை நடந்து போற தூரம்ங்கற நல்ல எண்ணத்துல வச்சது தான். ஆனா சென்னை மாதிரி ஊர்ல ஏழைங்களை கூட்டமா எடுத்து ஊருக்கு வெளிய ஒரே இடத்துல குடி வச்சா, அந்த 1 கிலோமீட்டருக்குள்ள என்ன இருக்கும்? அடையாறுல, மயிலாப்பூர்ல வாடகை குடுத்து இருக்கிறவங்களுக்கு அதே 1 கிலோமீட்டருக்குள்ள நாலஞ்சு பேர் போன ஸ்கூல் வருது. கூவம் கரையில குடிசையில இருந்தப்ப கிடைச்சிருக்க வேண்டிய வாய்ப்பு, கான்கிரீட் வீடு குடுத்ததும் போயிடுச்சு, இதை யாரும் கணக்குல எடுக்கல.

அதுலயும் 2014-ல உச்ச நீதிமன்றம் சிறுபான்மை பள்ளிகளுக்கு இந்த சட்டமே பொருந்தாதுன்னு சொல்லிடுச்சு. மதச் சிறுபான்மை, மொழிச் சிறுபான்மை ரெண்டுமே. சென்னையில ஜனங்க ஆசைப்படுற ஸ்கூல்ல எத்தனை இந்த அந்தஸ்துல இருக்குன்னு உங்களுக்கே தெரியும். இன்னொரு பக்கம், வருமானம் 2 லட்சத்துக்குள்ளங்கற வரம்பு நலிவடைந்த பிரிவுக்கு மட்டும் தான், சாதிச் சான்றிதழ் வச்சு வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவுல போடறவங்களுக்கு அது இல்ல. அதனால கார்ல வந்து இறங்குற குடும்பமும் சித்தாள் குடும்பமும் ஒரே குண்டான்ல. நான் சாதி ஒதுக்கீட்டுக்கு எதிரா பேசல, எங்க குடும்பமே அதுல வந்தது தான், ஆனா ஃபீஸ் கட்ட முடியாதவங்களுக்குன்னு வச்ச சீட்டுல அதுக்குள்ளேயும் ஏழைங்களுக்கு முதல்ல குடுங்கன்னு கேக்கறது தப்பில்லன்னு நினைக்கிறேன். அநாதைப் பிள்ளை, எச்ஐவி பாதிச்ச குடும்பம், துப்புரவுப் பணியாளர் பிள்ளை, மாற்றுத்திறனாளி பிள்ளைன்னா குலுக்கலுக்கு முன்னாடியே முன்னுரிமை உண்டு, உங்க குடும்பம் இதுல எதுலயாவது வருதான்னு பாருங்க. ஒரு கிலோமீட்டரை நகரத்துல தளர்த்தணும்ங்கறதை உங்க கவுன்சிலர், எம்எல்ஏ கிட்ட மனுவா குடுங்க, நானும் இந்தப் பக்கத்துல எழுதிக்கிட்டே இருப்பேன்.

கேள்வி: நான் ரிட்டயர்டு அரசு ஊழியர். மக்கள் வரிப்பணத்தை தனியார் ஸ்கூலுக்கு குடுக்கறதுக்கு பதிலா கார்ப்பரேஷன் ஸ்கூல்ல போட்டா என்ன?
– வாசகர், அசோக் நகர்

பதில்: ஐயா, நீங்க கேக்கறது ரொம்ப சரியான கேள்வி, இதுக்கு நானே பல வருஷமா ரெண்டு மனசா இருக்கேன். முதல்ல கணக்கு, ஸ்கூல் கேக்குற ஃபீஸை அரசு அப்படியே குடுக்கறதில்ல, அரசுப் பள்ளியில ஒரு பிள்ளைக்கு ஆகுற செலவு அல்லது அந்த ஸ்கூலோட ஃபீஸ், ரெண்டுல எது கம்மியோ அது. அதனால பெரிய ஸ்கூல்காரங்க நஷ்டம்னு புலம்புறாங்க, ஃபீஸ் கம்மியா வாங்குற சின்ன ஸ்கூலுக்கு இது தான் உயிர்மூச்சு, அதுவும் பணம் வருஷக்கணக்குல லேட்டா வரும். இந்த சட்டத்தை 2012-ல உச்ச நீதிமன்றம் சரின்னு சொன்னப்ப, டாக்டர் பிள்ளையும் டிரைவர் பிள்ளையும் ஒரே பெஞ்சுல உக்காரும்னு நான் நிஜமாவே சந்தோஷப்பட்டேன். இப்பவும் அந்த நினைப்பு தப்புன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா 2025-ல நடந்ததை மறக்க முடியல. சமக்ர சிக்ஷாங்கற பள்ளிக்கல்வி திட்டத்தோட நிதி விஷயத்துல ஒன்றிய அரசுக்கும் மாநில அரசுக்கும் நடந்த இழுபறியில பணம் வரல, ஏப்ரல் மே மாசம் நடக்க வேண்டிய அட்மிஷன் நடக்கவே இல்ல, ஜூன் மாசம் உயர்நீதிமன்றம் ஆர்டிஇ பணத்தை அதோட முடிச்சு போடாதீங்கன்னு சொல்லுச்சு, அப்புறமும் இழுத்து அக்டோபர்ல தான் ஆரம்பிச்சாங்க. அதுவும் எப்படி, ஏற்கனவே அந்த ஸ்கூல்ல சேர்ந்திருக்கிற பிள்ளைங்கள்ல இருந்து. அப்படின்னா ஜூன்லயே கையில இருந்து ஃபீஸ் கட்டி சேர்க்க முடிஞ்சவங்க பேரு தான் குடத்துக்குள்ள போச்சு. பணம் இல்லாதவங்களுக்காக போட்ட திட்டம், அந்த ஒரு வருஷம் பணம் இருந்தவங்களுக்கு போச்சு. இதை நினைச்சா எனக்கு இப்பவும் வயிறு எரியுது. அதனால என் பதில், இப்ப இதுல படிக்கிற பிள்ளைங்களை நடுவுல விட்டுடக்கூடாது, ஆனா இதை காட்டி கார்ப்பரேஷன் ஸ்கூலுக்கு ஒரு டீச்சர் கூட குறைக்கக்கூடாது. குலுக்கல்ல வராத பிள்ளை எல்லாம் போய் உக்காரப் போறது அங்க தான்.

கேள்வி: என் தங்கச்சி சான் ஃபிரான்சிஸ்கோவுல இருக்கா. அங்கயும் அரசுப் பள்ளிக்கு லாட்டரி சண்டை நடந்துச்சாமே?
– வாசகி, நங்கநல்லூர்

பதில்: ஆமாம்மா, லோவெல் ஹைஸ்கூல், 1856-ல ஆரம்பிச்ச அரசுப் பள்ளி. மார்க், டெஸ்ட் பார்த்து தான் சேர்ப்பாங்க. கொரோனாவுல மார்க் போட முடியாம போனதால 2021-ல லாட்டரிக்கு மாத்தினாங்க, கருப்பின, லத்தீன் பிள்ளைங்க ரொம்ப குறைவா இருக்காங்கன்னு அதையே நிரந்தரமாக்க பார்த்தாங்க, கஷ்டப்பட்டு படிச்ச பிள்ளைங்களுக்கு துரோகம்னு இன்னொரு பக்கம் எதிர்ப்பு. 2022 ஜூன்ல அந்த ஊர் ஸ்கூல் போர்டுல ஓட்டெடுப்பு நடத்தி பழையபடி மார்க் முறைக்கே போயிட்டாங்க. பதினாலு வயசு பிள்ளை ராத்திரி முழிச்சு படிச்சதுக்கு மதிப்பு குடுக்கணும்ங்கறதை நான் ஒத்துக்கறேன், அது மூணரை வயசு பிள்ளை கதை இல்ல. ஆனா அங்கயும் ஒரே ஒரு ஸ்கூலுக்கு ஊரே அடிச்சுக்கிச்சேங்கறதை உங்க தங்கச்சி கிட்ட கேட்டுப் பாருங்க, மத்த ஹைஸ்கூல் எல்லாம் எப்படி இருக்குன்னு.

கேள்வி: கேந்திரிய வித்யாலயா குலுக்கல் நேர்மையா நடக்குதா?
– வாசகர், தாம்பரம்

பதில்: கம்ப்யூட்டர் குலுக்கல், அதுல கை வைக்க முடியாது. முன்னாடி ஒரு எம்பி 10 பேருக்கு சிபாரிசு குடுக்கலாம்னு இருந்துச்சு, 2022-ல அதை எடுத்துட்டாங்க, நல்லது. ஆனா மத்திய அரசு ஊழியர் பிள்ளைங்களுக்கு தான் முதல் இடம், வெளியாளுங்க வரிசையில கடைசி. ஆர்டிஇல ஒண்ணாவதுக்கு 25 சதவீதம் இருக்கு, தகுதி இருந்தா அதுல போடுங்க.

கேள்வி: மூணு ஸ்கூல்ல போட்டும் என் பொண்ணு பேரு வரல அக்கா. மாமியார் "அவ ராசி அப்படி"ன்னு சொல்றாங்க. கார்ப்பரேஷன் ஸ்கூல்ல சேர்த்தா அவ வாழ்க்கை அவ்வளவு தானா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: முதல்ல அந்த வார்த்தையை பிள்ளை காதுல விழாம பாத்துக்கோங்க. சீட்டு கம்மி, பிள்ளைங்க ஜாஸ்தி, இதுல ராசி எங்க வந்துச்சு? பெரியவங்க நாங்க போதுமான நல்ல ஸ்கூல் கட்டலைங்கறதுக்கு மூணரை வயசு பொண்ணு பழி சுமக்கக்கூடாது.

கார்ப்பரேஷன் ஸ்கூல்ல ஒண்ணாவதுல இருந்து 5-வது வரைக்கும் காலை டிபன் உண்டு. மதியம் சாப்பாடு, புக்ஸ், யூனிஃபார்ம் எதுக்கும் காசு இல்ல. 6-ல இருந்து 12 வரைக்கும் அரசுப் பள்ளியிலயே படிச்சா மருத்துவத்துல 7.5 சதவீதம், 2021-ல இருந்து இன்ஜினியரிங், சட்டம், விவசாயப் படிப்புலயும் அதே 7.5, காலேஜ் போகும்போது புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபா. குறையும் இருக்கு, நான் மறைக்கல, ஸ்கூலுக்கு ஸ்கூல் வித்தியாசப்படுது. சேர்க்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் காலையில ஒன்பதரைக்கு போய் நில்லுங்க, டீச்சர் எத்தனை மணிக்கு வர்றாங்க, பிள்ளைங்க கையில நோட்டு திறந்திருக்கா, டாய்லெட் கதவுக்கு தாழ்ப்பாள் இருக்கான்னு பாருங்க. சேர்த்தப்புறம் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்கு தவறாம போங்க, அதுல முக்கால்வாசி பேரு பெத்தவங்களா தான் இருக்கணும்னு சட்டமே சொல்லுது, பாதி பேரு பெண்கள். தனியார் ஸ்கூல் கேட்டுக்கு வெளிய நிக்க வைப்பாங்க, இங்க நீங்க உள்ள நாற்காலியில உக்காந்து கேள்வி கேக்கலாம்.

ஆறு மாசம் கழிச்சு எனக்கு மறுபடியும் எழுதுங்க. டாய்லெட்டுல தண்ணி வருதா, டீச்சர் பேரு என்ன, பொண்ணு காலையில அழாம போறாளான்னு மூணு வரி போதும்.