ஓடையையும் குளத்தையும் சீரமைத்தால் பறவைகளும் வருமா, மக்களும் உலாவ முடியுமா?

வரும், முடியும். ஆனால் பொக்லைன் இறங்குவதற்கு முன்பே ஒரு படத்தை நீங்கள் கேட்டு வாங்கிப் பார்த்தாக வேண்டும்: கரையின் குறுக்குவெட்டுப் படம், அதாவது கரை தண்ணீருக்குள் எப்படி இறங்குகிறது என்று பக்கவாட்டில் காட்டும் படம்.

கேள்வியைப் பார்த்தால் உங்கள் பகுதியில் திட்டம் ஒப்புதலாகி, நடைபாதை, விளக்கு, நடுவில் தீவு என்று வண்ணப்படமும் வந்துவிட்டது போலிருக்கிறது. நாங்களும் அங்கிருந்துதான் தொடங்கினோம்.

ஏழெட்டுப் பேர் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் வார இறுதிகளையெல்லாம் ஒரு குளத்துக்குக் கொடுத்தோம். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுவோம். இரண்டே வாரத்தில் மறுபடி மூடிக்கொள்ளும். பிறகு நிதி கிடைத்தது. ஒப்பந்ததாரர் குளத்தை ஆழமாகத் தோண்டி, சுற்றிலும் செங்குத்தாகக் கல் கட்டிக் கொடுத்தார். பார்க்க அவ்வளவு அழகு. முதலில் கைதட்டியது நான்தான்.

அடுத்த பருவத்தில் ஓர் உள்ளான்கூட இறங்கவில்லை. அதுவரை சேற்றோரத்தில் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருந்த பறவைகள் அவை. அவற்றின் கால் நீளத்துக்குச் சில சென்டிமீட்டர் தண்ணீரில்தான் நடந்து இரை தேட முடியும். நாங்கள் கொடுத்ததோ கரையிலிருந்து ஓரடி எடுத்து வைத்தாலே ஆளை முழுக்கும் ஆழம். நீர்க்காகங்கள் மட்டும் வந்தன.

அதைவிட மோசம், தாழைக்கோழிக் குஞ்சுகள். தண்ணீரில் இறங்கிவிட்டன, மேலே ஏற வழியில்லை. கல்சுவரை ஒட்டியே சுற்றிச் சுற்றி வந்தன. ஓடிப்போய் ஒரு பலகையைச் சாய்த்துக் கட்டினோம். இரண்டு ஏறின. மற்றவற்றை மறுநாள் காணவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பிறகு ஒரு பக்கக் கல்லை மட்டும் பெயர்த்து, பத்தடிக்கு ஓரடி இறங்குகிற மாதிரி கரையைச் சரித்தோம். கோரையும் சம்பும் தாமாகவே முளைத்தன. தண்ணீர் வற்ற வற்ற, ஈரச்சேற்றுப் பட்டை ஒன்று உள்நோக்கி நகர்ந்துகொண்டே போகும். புழுவும் பூச்சியும் அந்தப் பட்டையில்தான். உள்ளான்கள் அந்தப் பருவமே திரும்பி வந்தன. நடைபாதை எதிர்க்கரையில் மட்டும். இந்தப் பக்கம் யாரும் போவதில்லை, விளக்கும் இல்லை. எதிரே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்குக் காட்சி இன்னும் நன்றாகவே இருக்கிறது.

"ஆழப்படுத்தினால்தானே தண்ணீர் நிற்கும்" என்று ஒருவர் கீழே எழுதத்தான் போகிறார். ஆழம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது நடுவில் இருக்கட்டும். நான் பொறியாளர் அல்ல, ஆனால் சரிவான கரையில் தவறி விழுந்த குழந்தை எழுந்து நடந்து வந்துவிடும் என்பதற்குப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. கொசு வரும் என்பவர்களுக்கும் ஒன்று: தட்டானின் இளம்பருவம் தண்ணீருக்குள் கொசுப்புழுவைத் தின்றே வளர்கிறது. அதற்குச் செடியுள்ள கரை வேண்டும். தயவுசெய்து கம்பூசியா மீனை மட்டும் கொண்டுவந்து விடாதீர்கள். கொசுவுக்கென்று உலகெங்கும் விட்ட அந்த மீன் தலைப்பிரட்டைகளையும் மற்ற மீன்களின் குஞ்சுகளையும் சேர்த்தே தின்கிறது.

ஓடையை நேராக்கப் போவதாகச் சொன்னால், ஃபுளோரிடாவின் கிஸ்ஸிம்மி ஆற்றைச் சொல்லுங்கள். வெள்ளத்தைத் தடுக்கவென்று 1962 முதல் 1971 வரை, சுமார் 166 கி.மீ. வளைந்து ஓடிய ஆற்றை 90 கி.மீ. கால்வாயாக வெட்டினார்கள். ஆற்றோரச் சதுப்பு வற்றியது, குளிர்காலத்தில் வந்த வாத்துகளில் பத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அந்தக் கால்வாயில் சுமார் 35 கி.மீ. நீளத்தை மறுபடி மண்போட்டு மூடி, பழைய வளைவுகளில் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். 1999இல் தொடங்கிய அந்த வேலை 2021இல்தான் முடிந்தது. பறவைகள் திரும்பின. வெட்ட ஒன்பது ஆண்டு, திருத்த இருபத்திரண்டு ஆண்டு.

கேள்விக்குத் தொடர்பில்லாததுதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லைப் பெயர்த்த வாரம் ஒரே ஒரு நாள் விடுப்பு கேட்டேன். அப்போது நான் வேலை பார்த்த இடத்தில் மறுத்துவிட்டார்கள், சம்பளத்தையும் பிடித்தார்கள். ஆறு மாதம் கழித்து, சுற்றுச்சூழல் நாளுக்கு, சேற்றில் நிற்கிற என் படத்தையே கேட்காமல் எடுத்து வரவேற்பறையில் மாட்டினார்கள். அந்த ஒரு நாள் சம்பளம் இன்னும் வரவில்லை.

சரி, உங்கள் விஷயம். படத்தில் கரைக்கோடு செங்குத்தாக இருந்தால் இப்போதே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய கல்லைப் பெயர்க்க அனுமதி வாங்கவே எங்களுக்கு ஓராண்டு ஆனது.