மேசையைப் புரட்டிப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்

கேள்வி: அன்புள்ள அக்கா, இருபது வருடமாகத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தோம். இப்போது சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மலிவு விலை வீடு வாங்கி, சாவியும் கைக்கு வந்துவிட்டது. ரவிக்கை தைத்து நான் சேர்த்த 3,000 வெள்ளி (ரிங்கிட்) இருக்கிறது. பர்னிச்சர் கடையில் ஆறு நாற்காலியோடு சாப்பாட்டு மேசை 1,480, சோபா 1,350, மூன்று கதவு அலமாரி 850, கட்டில் 600, மொத்தம் 4,280 வெள்ளி என்கிறார்கள். காசு போதாவிட்டால் முன்பணம் இல்லாமல் மாதம் 165 வெள்ளி, 36 மாதம் கட்டலாமாம். குறைத்துக் கேட்கலாம் என்றால், ‘வாங்க வக்கில்லாதவங்கன்னு நினைப்பான், பேசாம இரு’ என்கிறார் என் கணவர். எனக்கும் வாய் வரவில்லை. கேட்கலாமா? கேட்டால் எப்படிக் கேட்பது?
– ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அன்புத் தங்கைக்கு, சொந்த வீட்டுச் சாவி கைக்கு வந்திருக்கிறது. முதலில் அதற்கு என் வாழ்த்து. லயத்து வீட்டில் இருந்து வந்தவள் நான். அந்தச் சாவியின் கனம் எனக்குத் தெரியும்.

நீங்கள் தையல்காரர். உங்களிடம் ஒருவர் வந்து, ‘அக்கா, மூணு ரவிக்கை சேர்த்துத் தர்றேன், கொஞ்சம் பார்த்துப் போடுங்க’ என்று கேட்டதே இல்லையா? கேட்டபோது அவரை இல்லாதவர் என்றா நினைத்தீர்கள்? லைனிங் துணி என்ன விலை, கையில் எத்தனை வேலை இருக்கிறது, தீபாவளி நெருக்கமா, சும்மா இருக்கும் மாதமா என்று மனசுக்குள் கணக்குப் போட்டிருப்பீர்கள். கட்டுப்படியானால் சரி என்றிருப்பீர்கள், ஆகாவிட்டால் முடியாது என்றிருப்பீர்கள். அவ்வளவுதான். பர்னிச்சர் கடைத் தவுக்கேயும், அதாவது கடை முதலாளியும், இதையேதான் செய்வார். அந்தக் கடையில் ஒட்டியிருக்கும் விலை, ஆள் கேட்பார் என்று தெரிந்தே போட்டது. கேட்காமல் கொடுத்துவிட்டு வருகிறவரை அவர் கௌரவமானவர் என்று தனியாக நினைத்துக்கொள்ளப் போவதில்லை. உங்கள் கணவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள். ஒவ்வொரு ரவிக்கையாகத் தைத்துச் சேர்த்த காசு அது, அதற்காக வாய் திறப்பதில் தப்பே இல்லை.

ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் கணக்கைத் திறக்க வேண்டும். மாதம் 165 என்றால் 36 மாதத்துக்கு 5,940 வெள்ளி. ரொக்க விலையை விட 1,660 வெள்ளி கூடுதல். அந்தச் சோபாவின் விலையே 1,350தான். சோபாவைத் தனியாக இன்னொரு தடவை வாங்கி, மீதிக் காசில் ஒரு மின்விசிறியும் வாங்கிவிடலாம். தவணைப் பக்கமே போகாதீர்கள் என்பதுதான் என் கருத்து. சோபாவை இப்போது விட்டுவிடுங்கள். மேசை, அலமாரி, கட்டில் மூன்றும் சேர்ந்து 2,930 வெள்ளி. ஒரு காசு குறைக்காமலேயே உங்கள் 3,000க்குள் வந்துவிட்டது பாருங்கள். இனி நீங்கள் பேசப்போகும் பேரம், இல்லாத காசுக்காகப் பேசும் பேரம் இல்லை. அந்தத் தைரியமே குரலை மாற்றிவிடும். வருகிறவர்கள் ஆறு மாதம் பாயில் உட்காரட்டும். நாம் எல்லாரும் பாயில் உட்கார்ந்து வளர்ந்தவர்கள்தானே.

அடுத்தது மரம். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

1991இல் என் கல்யாணத்துக்கு மேசை வாங்க அப்பாவோடு ஒரு டவுன் கடைக்குப் போனேன். அப்பா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். கடையில் கருஞ்சிவப்பு நிறத்தில் பளபளவென்று ஒரு மேசை. சீட்டில் மலாயில் ‘ஜாத்தி’ என்று எழுதியிருந்தது. தேக்கு என்று நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அப்பா ஒன்றும் பேசாமல் ஒரு நாற்காலியைத் தூக்கிக் கவிழ்த்தார். அடியில் சாயம் சரியாக ஏறாத இடம் ஒன்று இருந்தது. வெளிறிய பாலாடை நிறம், அதில் பழுப்பாகச் சின்னச் சின்னக் கீறல்கள். பெருவிரலால் இரண்டு முறை தடவிவிட்டு, ‘தவுக்கே, இனி காயு கெத்தா’ என்றார். இது ரப்பர் மரம் என்று. தவுக்கே உடனே, ‘யா லா, வார்னா ஜாத்தி’ என்றார். மரம் ஜாத்தி இல்லையாம், நிறம்தான் ஜாத்தியாம். அதற்கப்புறம் விலை பேச அப்பாவுக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த மேசையில்தான் என் மூன்று பிள்ளைகளும் வீட்டுப் பாடம் எழுதினார்கள். இன்றும் ஆடாமல் நிற்கிறது.

ஆகவே நிறத்தைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள். ‘இது காயு ஜாத்தியா, வார்னா ஜாத்தியா?’ என்று கேளுங்கள். ரப்பர் மரம் மட்டமான மரமும் இல்லை. 25, 30 வருடம் பால் கொடுத்துவிட்டு வெட்டப்படும் மரம் அது. ஒரு காலத்தில் அதை அடுப்புக்கும் சூளைக்கும்தான் போட்டார்கள். பச்சையாக வைத்தால் சீக்கிரமே பூஞ்சை படிந்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். வெட்டிய சில நாளிலேயே அறுத்து, போரான் மருந்து ஏற்றி, சூளையில் உலர்த்தக் கற்றுக்கொண்ட பிறகுதான் 1980களில் அது பர்னிச்சர் மரமாகப் பெயர் எடுத்தது. இன்று ஜொகூர் மூவாரில் இருந்து கப்பல் ஏறிப்போகும் மேசை நாற்காலிகளில் ஏராளமானவை இந்த மரம்தான். உங்கள் மாவட்டத்துக் கோலகங்சாரில் 1877இல் ஒன்பது கன்றுகள் நட்டார்கள், இந்த நாட்டு ரப்பரின் கதை அங்கேதான் தொடங்கியது. நம் பாட்டன் பூட்டன் கைபட்ட மரத்தை நாமே அடையாளம் தெரியாமல் தேக்கு விலைக்கு வாங்கினால் எனக்கு மனசு ஆறாது.

கடையில் மேசைக்கு அடியில் குனிந்து, கைப்பேசி விளக்கைப் போட்டுப் பாருங்கள். விரல்களைக் கோத்த மாதிரி பல் பல்லாகச் சிறு துண்டுகளை இணைத்திருந்தால் பயப்பட வேண்டாம். ரப்பர் மரத்தில் நீளப் பலகை கிடைப்பது குறைவு, அதனால் அப்படித்தான் சேர்ப்பார்கள். அது முழு மரம் என்பதற்கு அடையாளம். ஊசி முனை அளவு துளையும், அதைச் சுற்றி மாவு போல் தூளும் இருந்தால் மட்டும் அந்த மேசையே வேண்டாம், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து இடமும் வலமும் அசைந்து பாருங்கள். ஆறையும் பாருங்கள், ஒன்றோடு விட்டுவிடாதீர்கள்.

அலமாரி வேறு கதை. 850 வெள்ளி மூன்று கதவு அலமாரி பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையாகத்தான் இருக்கும். பின்பக்கம், அல்லது திருகு போட்ட ஓட்டைக்குள் பார்த்தால் தூள் தெரியும். நமக்கு வெள்ளிக்கிழமை என்றால் வாளித் தண்ணீர் ஊற்றி வீடு கழுவ வேண்டும். நான் அப்படி ஒரு அலமாரி வாங்கி, மூன்றாவது வருடம் அடிப்பலகை பொரி மாதிரி உப்பி, கதவு மூடாமல் போய், கடைசியில் குப்பை லாரியில் ஏற்றினேன். வாங்கினால் தரையில் படாமல் கால் வைத்ததாக வாங்குங்கள். இல்லையென்றால் விலையைப் பேசும்போது இதைத்தான் முன்வைக்க வேண்டும். ‘இது தூள் பலகை, இதற்கு 850 அதிகம்’ என்று அமைதியாகச் சொல்லுங்கள். பொருளைக் கேவலப்படுத்திப் பேசாதீர்கள், கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்.

போகும் நாள் மாத நடுவில் ஒரு செவ்வாய், புதனாக இருக்கட்டும். சம்பளம் போட்ட வார ஞாயிற்றுக்கிழமை கடை நிறைந்திருக்கும்போது உங்களோடு நின்று பேச யாருக்கும் நேரம் இருக்காது. விற்பனைப் பெண்ணிடம் பொருளைக் கேளுங்கள், விலையைத் தவுக்கேயிடம் கேளுங்கள். குறைக்கும் அதிகாரம் அவரிடம்தான். ‘மூன்றும் எடுக்கிறேன், முழுக்க ரொக்கம். லாரி கூலி, பூட்டிக் கொடுக்கும் கூலி எல்லாம் சேர்த்து 2,400’ என்று சொல்லுங்கள். சொன்ன பிறகு பேசாமல் இருங்கள். இதுதான் கஷ்டம். அவர் கால்குலேட்டரைத் தட்டுவார், தலையை ஆட்டுவார், ‘தா போலே லா’, முடியாது என்பார். அந்த இடத்தில்தான் நாம் பதறிப்போய், ‘சரி, 2,700க்குக் கொடுங்க’ என்று நாமே ஏற்றிவிடுகிறோம். பல்லைக் கடித்துக்கொண்டு நில்லுங்கள். உங்கள் கணவரும் அந்த நேரம் ‘சரி விடு’ என்று சொல்லாமல் இருக்க வேண்டும். வீட்டிலேயே பேசி வைத்துக்கொண்டு போங்கள்.

2,600க்குள் முடிந்தால் நல்ல விலை என்பேன். விலை இறங்கவே மாட்டேன் என்றால் வேறு விதமாகக் கேளுங்கள். மெத்தை ஒன்று, இல்லையென்றால் இரண்டு நாற்காலி. காசைக் குறைக்க மனம் வராதவர்கள் பொருளாகக் கொடுத்துவிடுவதுண்டு. காட்சிக்கு வைத்த மேசையில் ஒரு கீறல் இருந்தால் அதையே தள்ளிவிட அவருக்கும் ஆசை இருக்கும், மேசை விரிப்புக்கு அடியில் அது யாருக்குத் தெரியப் போகிறது? அப்போதும் ஒத்து வராவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள். ஈப்போ ஒன்றும் தூரமில்லை. அங்கே இரண்டு கடை பார்த்துவிட்டு மறுபடி இவரிடமே வரலாம், அதில் அவமானம் எதுவும் இல்லை.

ஓர் இடத்தில் மட்டும் பேரம் பேசாதீர்கள். டவுன் ஓரத்தில் பட்டறை போட்டு ஒற்றை ஆளாக அலமாரி செய்து கொடுக்கும் தச்சர் இருந்தால், அவரிடம் வேலையின் தரத்தைப் பேசுங்கள், கூலியில் கை வைக்காதீர்கள். உங்கள் தையல் கூலியை ஒருவர் அடித்துக் குறைத்தால் எப்படி வலிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

விலை முடிந்ததும் ரசீது. அதில் ‘மேசை ஒன்று’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். என்ன மரம், என்ன நிறம், எத்தனை நாற்காலி, எந்தத் தேதியில் கொண்டுவருவார்கள், லாரி கூலி உட்பட என்று எல்லாம் எழுத்தில் வரட்டும். முன்பணம் இருநூறு, முன்னூறு போதும். ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது’ என்று சுவரில் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஒடுங்கிவிட வேண்டாம். பழுதான பொருளைக் கொடுத்துவிட்டு அந்த அட்டையைக் காட்டித் தப்பிக்க, 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. தகராறு என்று வந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி நீங்களே மனு போடலாம், வக்கீல் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான வழக்கை அங்கே கேட்பார்கள். அதற்குக் கையில் ரசீது வேண்டும்.

லாரி வந்து நின்றதும் பையன்கள் அவசரப்படுத்துவார்கள். அவர்களுக்குக் குடிக்க ஏதாவது கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு, மேசையை மறுபடி ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள். கடையில் நீங்கள் பார்த்த அதே மேசைதானா, ஆறு நாற்காலியும் ஆடாமல் நிற்கிறதா, அலமாரிக் கதவு மூன்றும் ஒழுங்காக மூடுகிறதா என்று பார்த்துவிட்டு மீதிப் பணத்தை எண்ணிக் கொடுங்கள். என்ன விலைக்கு முடிந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள், தங்கச்சி. காத்திருப்பேன்.